பெரிய சைக்கிள் பந்தயத்துக்கு இன்னும் 7 நாள்: கடைசி வாரத்தில் என்ன செய்யணும், எதைத் தொடவே கூடாது?

லெ டூர் டி லங்காவி பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1996இல் அன்றைய பிரதமர் மகாதீர் முகமட்டின் ஆதரவோடு தொடங்கிய இந்தப் பல நாள் சாலைப் பந்தயம்தான், மலேசியாவில் நடக்கும் சைக்கிள் போட்டிகளிலேயே பெரியது. ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்கள் வருகின்றன. நம் நாட்டு வீரர்களும் அவர்களோடு ஒரே சாலையில் மோதுகிறார்கள். 2010இல் அனுவார் மனான் இதில் ஒரு கட்டத்தை வென்றார். மலேசியர் ஒருவர் இந்தப் பந்தயத்தின் ஒரு கட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

வட சிலாங்கூருக்கும் இந்தப் பந்தயம் புதிதல்ல. 2022இல் அதன் நான்காவது கட்டம் சபாக் பெர்ணத்தில் தொடங்கி, பேராக்கின் மேரு ராயாவில் முடிந்தது. செகிஞ்சான் இருப்பதும் அதே சபாக் பெர்ணம் மாவட்டத்தில்தான். பால்மரக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் சைக்கிள் இருந்தது. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் அதுதான் வண்டி. முருகையன் குமரேசன் போன்ற தமிழர்கள் ஒலிம்பிக் வரை போய் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். இன்று கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் விடியற்காலையில் போனால், ஹெல்மெட் போட்டு வரிசையாக ஓட்டும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலருக்குச் சுக்மா கனவு. 2026ஆம் ஆண்டு சுக்மாவை ஏற்று நடத்தும் மாநிலமும் சிலாங்கூர்தான்.

நீங்களும் அப்படி ஒருவராக இருக்கலாம். அல்லது உங்கள் தம்பி, தங்கச்சி, நண்பர் யாராவது. பந்தயத்துக்கு ஏழு நாள்தான் பாக்கி என்றால் என்ன செய்ய வேண்டும்?

விளையாட்டு அறிவியல் தரும் பதில் பலருக்கும் பிடிக்காது. கடைசி ஒரு வாரத்தில் உங்கள் உடல் திறன் புதிதாகக் கூடப் போவதில்லை. ஒரு கடினப் பயிற்சியின் பலனை உடல் வாங்கிக்கொள்ள பொதுவாக ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். ஆனால் மாதக்கணக்கில் சேர்த்ததை இந்த ஏழு நாளில் தொலைக்க முடியும். அதனால் கடைசி வாரத்தின் வேலை, இருப்பதைக் காப்பாற்றுவது.

பயிற்சியை ஏன் குறைக்க வேண்டும்?

பயிற்சி செய்யும்போது உடல் பலமாவதில்லை, களைத்துப் போகிறது. ஓய்வில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொண்டு பலமாகிறது. பந்தயத்துக்கு முன் அந்தக் களைப்பை இறக்கி வைப்பதற்குத்தான் 'டேப்பரிங்' என்று பெயர்.

இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு இது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஓட்டும் அளவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்க வேண்டும். ஆனால் வேகத்தைக் குறைக்கக் கூடாது. வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதையும் பெரிதாக மாற்றத் தேவையில்லை. அதாவது வாரத்துக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுபவர் 120 முதல் 180 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வார். அந்தக் குறைந்த தூரத்துக்குள்ளும் சில நிமிடங்கள் பந்தய வேகத்தில் ஓட்டுவார்.

இதனால் கிடைப்பது சராசரியாக 2 சதவீத முன்னேற்றம். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். 40 நிமிட மலையேற்றத்தில் 2 சதவீதம் என்பது 48 வினாடி. சாலைப் பந்தயத்தில் அதைவிடக் குறைந்த இடைவெளியில் முதலிடம் கைமாறியிருக்கிறது.

பிரச்சினை மனசில்தான். ஓட்டாமல் இருந்தால் கால் கனமாகத் தோன்றும், குற்ற உணர்ச்சி வரும், மற்றவர்கள் போடும் ஸ்திராவா பதிவுகளைப் பார்த்தால் கை பரபரக்கும். "ஒரே ஒரு லாங் ரைடு போயிட்டு வந்துடலாமே" என்று தோன்றும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். போகாதீங்க.

செகிஞ்சான் சாலை எதைக் கற்றுத்தரும்?

செகிஞ்சான் சிலாங்கூரின் நெற்களஞ்சியம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நேர்க்கோட்டில் வாய்க்கால், அதன் ஓரமாகச் சாலை. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வழியாக வடக்கே போகும் கூட்டரசுச் சாலை 5ம் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. சாலை முழுக்கச் சமதளம். மேடு வேண்டுமென்றால் கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி வரை போக வேண்டும், அதுவும் சின்னக் குன்றுதான்.

இந்தச் சமதளம் நன்றாகக் கற்றுத்தருவது காற்றை. பகல் ஏற ஏற மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று வீசும். சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போவதால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். வயல்வெளியில் அதைத் தடுக்க மரமும் இல்லை, கட்டடமும் இல்லை.

எதிர்க்காற்றில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் கால் பங்குக்கும் மேல் உழைப்பு மிச்சம். பக்கக்காற்றில் அந்த மறைவு நேர் பின்னால் கிடைக்காது, சற்று ஓரமாகத்தான் கிடைக்கும். அதனால் வீரர்கள் சாலையின் அகலத்துக்குக் குறுக்காக, விசிறி விரித்த மாதிரி நிற்பார்கள். இதற்கு 'எக்கலான்' என்று பெயர். சாலையின் அகலத்துக்கு ஏற்ப அந்த விசிறியில் குறிப்பிட்ட ஆட்களுக்குத்தான் இடம். மற்றவர்கள் காற்றில் தனியாக மாட்டி, சில நிமிடங்களில் பின்தங்கிவிடுவார்கள். மலையே இல்லாத பந்தயத்திலும் கூட்டம் துண்டு துண்டாக உடைவது இப்படித்தான். வயல்காட்டுக் காற்றில் வளர்ந்த வீரருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

கற்றுத்தராதது மலையை. லங்காவி பந்தயத்தின் பல பதிப்புகளை முடிவு செய்தது கெந்திங் மலைதான். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே ஏறும் சாலை அது. 2022இல் கொலம்பியாவின் இவான் சோசா அங்கே வென்று, ஒட்டுமொத்தப் பட்டத்தையும் கைப்பற்றினார். உங்கள் பந்தயத்தில் மலை இருந்தால் அதற்கான பயிற்சி மாதக்கணக்கில் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை கெந்திங்குக்குப் போய் "டெஸ்ட்" பண்ணிப் பார்ப்பதால் கிடைப்பது வலிக்கும் கால் மட்டுமே. பாதையைத் தெரிந்துகொள்ள ஆசையென்றால் காரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறுவடைக் காலமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சாலையில் நெல் லோரி, செம்பனை லோரி, உதிர்ந்த வைக்கோல், டிராக்டர் விட்டுப்போன சேறு எல்லாம் இருக்கும். வைக்கோல் எரிக்கும் புகையும் நெஞ்சுக்கு நல்லதல்ல. கடைசி வாரத்தில் ஒரு விழுதல், மொத்த வருடத்தையும் முடித்துவிடும். பழக்கப்பட்ட, போக்குவரத்துக் குறைந்த பாதையிலேயே ஓட்டுங்கள்.

எவ்வளவு சோறு சாப்பிடலாம்?

தசையில் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். நீண்ட பந்தயத்தில் இதுதான் முக்கிய எரிபொருள். 1960களில் சுவீடன் ஆய்வாளர்கள் வீரர்களின் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து, உணவால் இந்தச் சேமிப்பைக் கூட்ட முடியும் என்று காட்டினார்கள். 'கார்போ லோடிங்' பிறந்தது அப்படித்தான்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பந்தயத்துக்கு, கடைசி 36 முதல் 48 மணி நேரத்தில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்பது இன்றைய பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள வீரருக்கு அது குறைந்தது 600 கிராம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உண்டு. சோறு மட்டுமே என்றால் நாளைக்கு 2 கிலோவுக்கும் மேல் சாப்பிட வேண்டும்! நெல் விளையும் ஊர்க்காரருக்கே அது கஷ்டம். அதனால் சோறு, ரொட்டி, இட்லி, மீ, வாழைப்பழம், பழச்சாறு என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

மாவுச்சத்து ஏறும்போது கொழுப்பும் நார்ச்சத்தும் குறைய வேண்டும். சாந்தான் ஊற்றிய நாசி லெமாக், பொரித்த கோழி, மட்டன் பிரட்டல் எல்லாம் பந்தயம் முடிந்த பிறகு. எடை மெஷினில் ஒரு கிலோ கூடினால் பயப்படாதீங்க. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறியது கொழுப்பு அல்ல.

தமிழ் வீடுகளுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. லங்காவி பந்தயம் அண்மைய ஆண்டுகளில் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் நடந்துவருகிறது. அது புரட்டாசி மாதம். சைவம் சாப்பிட்டுக்கொண்டு பந்தயத்துக்குப் போகலாமா? தாராளமாக. மாவுச்சத்து முழுவதும் சைவத்தில்தான் இருக்கிறது. புரதத்துக்குப் பருப்பு, தௌஹு, தெம்பே, பால், தயிர் போதும். சைவத்தில் சிக்கல் கிடையாது. ஆனால் பந்தயத்துக்கு முந்தைய நாள் சனிக்கிழமையாக இருந்து, அன்று ஒரு வேளை உணவோடு விரதம் இருந்தால் மேலே சொன்ன கணக்கு நிறைவேறாது. இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

பந்தயக் காலையில், தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கஞ்சி, காயா தடவிய ரொட்டி, வாழைப்பழம் போன்றவை வயிற்றுக்கு இதம். ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் அதற்கு வயிற்றை முன்பே பழக்கியிருக்க வேண்டும். புதிய ஜெல், புதிய பானம் எதையும் பந்தய நாளில் முதல் முறையாக முயற்சிக்க வேண்டாம்.

நம்ம வெயில் நமக்கே ஆபத்தாகுமா?

ஆகும். வெளிநாட்டு வீரர்களைவிட நமக்கு வெயில் பழக்கம் என்பது பாதி உண்மைதான். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள், வெப்பத்திலேயே உடற்பயிற்சி செய்ய வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கு ஓட்டி முடித்துவிட்டு, மீதி நாளைக் குளிர்சாதன அறையில் கழிப்பவர் மலேசியாவில் பிறந்திருந்தாலும் நண்பகல் பந்தயத்துக்குப் பழகியவர் அல்ல.

வெப்பமானியில் தெரியும் எண் மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீடு ஒன்று உண்டு. அதை டபிள்யூபிஜிடி என்பார்கள். உலக சைக்கிள் சங்கமான யூசிஐ தன் வெப்ப விதிமுறையில் இதைப் பயன்படுத்துகிறது. அந்த அளவீடு 28 டிகிரியைத் தொட்டாலே சிவப்பு மண்டலம். அப்போது தொடக்க நேரத்தை மாற்றுவது முதல் பந்தயத்தை நிறுத்துவது வரை பேச வேண்டியிருக்கும். ஈரப்பதம் நிறைந்த மலேசியாவில் வெயில் நாளின் நண்பகலில் இந்த எல்லையைத் தாண்டுவது அபூர்வமில்லை.

கடைசி வாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. பந்தயத்தில் உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்வது பொதுவான இலக்கு. 60 கிலோ வீரருக்கு அது 1.2 கிலோ. அதற்காக வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். நீண்ட பந்தயத்தில் உப்புச்சத்து உள்ள பானமும் வேண்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் எனும் வெப்பத் தாக்கத்தின் அடையாளங்களை வீரர் மட்டுமல்ல, கூட வருகிறவரும் தெரிந்திருக்க வேண்டும். உளறல், தடுமாற்றம், காரணமில்லாத கோபம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் – இவை இருந்தால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்த்துக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஐஸ் தண்ணீரால் உடலை முழுக்கக் குளிர வையுங்கள். 999க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணி நேரம் உயிரைத் தீர்மானிக்கும்.

சளி பிடித்தால் மருந்து வாங்கிப் போடலாமா?

கடைசி வாரத்தில் பலர் சறுக்கும் இடம் இதுதான். லேசாக மூக்கடைப்பு, கூட இருப்பவர் ஒரு மாத்திரை நீட்டுகிறார், விழுங்கியாச்சு. சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎபெட்ரின், சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போட்டி நாளில் தடை செய்யப்பட்ட பொருள்.

வலி மாத்திரையிலும் கவனம் தேவை. கொலம்பிய நட்சத்திரம் நைரோ குவின்தானா 2022 டூர் டி பிரான்ஸில் ஆறாவதாக வந்தார். பின்னர் அவருடைய மாதிரியில் டிராமடால் எனும் வலி நிவாரணி இருந்ததாகக் கண்டறியப்பட்டு, அந்த இடம் பறிக்கப்பட்டது. சைக்கிள் போட்டிகளில் 2019இலிருந்தே தடைபட்டிருந்த அந்த மருந்தை, வாடா எனும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமும் 2024 ஜனவரி 1 முதல் எல்லா விளையாட்டுகளிலும் போட்டி நாளில் தடை செய்திருக்கிறது.

விதி கடுமையானது. உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. "எனக்குத் தெரியாது, அண்ணன் கொடுத்தார்" என்பது தப்பிக்க வழியல்ல. கலவை தெரியாத ஜாமு, நாட்டு மருந்து, இணையத்தில் வாங்கிய சப்ளிமெண்ட் எல்லாம் இதில் அடங்கும். மலேசியாவில் இதைக் கவனிக்கும் அமைப்பு அடமாஸ். மருத்துவரைப் பார்க்கும்போது "நான் போட்டி வீரர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்டிப்பாகத் தேவைப்படும் மருந்துக்கு முன் அனுமதி கேட்க முறை இருக்கிறது. காப்பி பிரச்சினையில்லை: காஃபீன் 2004லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

சைக்கிளை எப்போது தயார் செய்வது?

பந்தயம் ஞாயிறு என்றால், பழுது பார்க்கும் வேலை வியாழக்கிழமைக்குள் முடிய வேண்டும். அப்போதுதான் மாற்றியதை இரண்டு முறையாவது ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும்.

பார்க்க வேண்டியவை: டயரில் வெட்டுக் காயம், உள்ளே புதைந்த கண்ணாடித் துண்டு, பிரேக் பேட் தேய்மானம், சங்கிலியின் நீட்சி, ஷூவின் அடியில் உள்ள கிளீட் ஆணிகள். எலக்ட்ரானிக் கியர் என்றால் பேட்டரி சார்ஜ். கடலோர ஊரில் உப்புக்காற்று ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும், வயல் சேறு சங்கிலியைத் தின்னும். கழுவித் துடைத்து எண்ணெய் போட்டால் பாதிப் பிரச்சினை கண்ணில் பட்டுவிடும்.

சீட் உயரத்தை மாற்றாதீங்க. புது ஷூ, புது சேடில் வேண்டாம். சில மில்லிமீட்டர் மாற்றம் கூட நூறு கிலோமீட்டருக்குப் பிறகு முட்டிவலியாகத் தெரியும். மழைக்கு வாய்ப்பிருந்தால் டயர் காற்றைச் சற்றுக் குறைப்பது பிடிமானத்துக்கு உதவும். சைக்கிளை இலேசாக்குகிறேன் என்று காசு செலவழிப்பவர்களுக்கு ஒரு தகவல்: யூசிஐ விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது.

முந்தைய நாள் எப்படி இருக்க வேண்டும்?

40 நிமிடமோ ஒரு மணி நேரமோ மெதுவாக ஓட்டி, நடுவில் மூன்று நான்கு முறை சில வினாடிகள் வேகமெடுங்கள். காலைத் தட்டி எழுப்புவதற்கு அது போதும். மாலையில் குழு மேலாளர் கூட்டம் சொல்லும் பாதை மாற்றங்களைக் கேளுங்கள். சாலை எங்கே குறுகுகிறது, எங்கே திரும்பினால் பக்கக்காற்று அடிக்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளும் வீரர்கள் உண்டு. எண் பட்டை, அடையாள அட்டை, உரிமம், ஹெல்மெட், ஷூ அனைத்தையும் இரவிலேயே பையில் வையுங்கள். காலையில் தொடக்கப் பதிவில் கையெழுத்துப் போட மறந்தாலே சிக்கல்.

அன்றிரவு தூக்கம் வராமல் போகலாம். அது பெரிய கவலையில்லை. ஒரு இரவு குறைவாகத் தூங்கியதால் மட்டும் சேர்த்த திறன் போய்விடாது. அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகள் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்களா என்பதே முக்கியம். அந்த இரவுகளில் கைப்பேசியைத் தள்ளி வையுங்கள்.

எப்போது "நான் ஓட்டவில்லை" என்று சொல்ல வேண்டும்?

இத்தனை தயாரிப்புக்குப் பிறகு இதுதான் கஷ்டமான முடிவு. ஆனால் சில நிலைமைகளில் பேச்சுக்கே இடமில்லை.

காய்ச்சல் இருந்தால் ஓட்டக் கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கடுமையாக உழைத்தால் இதயத் தசை வீங்கும் ஆபத்து இருக்கிறது. திடகாத்திரமான இளம் வீரர்கள் திடீரென விழுந்து இறப்பதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. சிலாங்கூரில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் நினைக்க வேண்டும். நாட்டிலேயே டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் இதுதான். டெங்கிச் சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை இரத்தக் கசிவை மோசமாக்கும். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டு, தலைவலியோ மயக்கமோ வாந்தியோ மங்கலான பார்வையோ இருந்தாலும் ஓட்டக் கூடாது. ஹெல்மெட் உடையவில்லை என்பது மூளை அதிர்ச்சி இல்லை என்பதற்குச் சான்று அல்ல. மருத்துவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான படபடப்பு இருந்தாலும் இதே விதி. வெறும் மூக்கொழுகல், காய்ச்சல் இல்லை, உடம்புவலி இல்லை என்றால் பெரும்பாலும் ஓட்டலாம்.

பதினேழு, பதினெட்டு வயதில் இதைச் சொல்வது எளிதல்ல. பஸ் ஏற்பாடு ஆகிவிட்டது, குழுவில் ஆள் குறையும், அப்பா அம்மா செலவு செய்திருக்கிறார்கள், பயிற்றுநர் முகம் சுளிப்பாரோ என்ற பயம். அதனால்தான் பலர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு தொடக்கக் கோட்டில் போய் நிற்கிறார்கள். பெற்றோரும் பயிற்றுநரும் இந்த வாரத் தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "முடியலன்னா சொல்லுப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்." அந்த ஒரு வார்த்தை, ஒரு பையனையோ பொண்ணையோ உண்மை பேச வைக்கும்.

ஒன்றும் இல்லையென்றால், சோற்றைச் சாப்பிடுங்கள், சீக்கிரம் படுங்கள், காலையில் கோட்டில் நில்லுங்கள். செய்ய வேண்டிய பயிற்சியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள்.